ஜீல் பாலடின் ஹெல்லில் நின்றுபோன கதையும் ஹேமருக்கு மாறிய கணக்கும்

ஞாயிறு இரவு 11 மணி தாண்டி, டயாப்லோ 2 ரிசரக்டெட் என்ற கணினி ஆட்டத்தில் என் பாலடின் (புனித வீரன்) ஹெல் என்ற கடைசிக் கடினநிலையின் தலைமை அரக்கர்களில் ஒருவனான மெஃபிஸ்டோவை 1 நிமிடம் 12 வினாடியில் முடித்தான். ஒருமுறைகூடச் சாகவில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே ஆள், இதே லெவலில், ஹெல்லின் முதல் குகையையே தாண்ட முடியாமல் நின்றான். நடுவில் என்ன மாற்றினேன், எங்கே தப்பாகப் போனேன் என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்துகிறேன்.

முதலில் ஆட்டத்தின் நிலை. ஆஃப்லைனில், தனி ஆளாக ஆடுகிறேன். யாரிடமும் பொருள் மாற்றிக்கொள்வதில்லை. கீழே விழுவதும் சூதாட்டக் கடையில் கிடைப்பதும்தான் சொத்து. இது முக்கியம். இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான பில்டுகள் (எந்தத் திறனில் எவ்வளவு புள்ளி, என்னென்ன பொருள் என்ற திட்டங்கள்) கையில் எல்லாப் பொருளும் இருப்பவர்களுக்கானவை.

நான் தேர்ந்தெடுத்தது ஜீல் என்ற வெட்டும் திறன். ஒரு கிளிக்கில் ஐந்து வெட்டு விழும். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும். அதற்கு முன் ஹோலி ஃபயர், பிறகு ஹோலி ஃப்ரீஸ் என்று மாறி, முகாமில் இருக்கும் அகாரா தரும் ரீசெட் (போட்ட புள்ளிகளைத் திரும்பப் பெறும் வாய்ப்பு) இரண்டையும் தீர்த்துவிட்டேன். 2010-இல் வந்த 1.13 பேட்ச்சிலிருந்துதான் இந்த ரீசெட் வசதி உண்டு. டென் ஆஃப் ஈவில் குகையைச் சுத்தம் செய்தால் கடினநிலைக்கு ஒன்று. நார்மல், நைட்மேர் இரண்டுக்கும் உரியதை அவசரப்பட்டுச் செலவழித்தது முதல் தப்பு. அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. நைட்மேர் முழுக்க ஜீல் வெண்ணெயில் கத்தி போலப் போனது.

லெவல் 74-இல் ஹெல்லுக்குள் நுழைந்தேன். அன்று மாலை ஒன்றரை மணி நேரத்தில் 14 முறை செத்தேன். கேரக்டர் திரையைத் திறந்து பார்த்தால் ஃபயர் ரெசிஸ்டன்ஸ் (நெருப்பைத் தாங்கும் சதவீதம்) −58, லைட்னிங் −63, கோல்டு −41. ஹெல்லில் நுழைந்ததுமே எல்லா ரெசிஸ்டன்ஸிலும் 100 கழிந்துவிடும். நைட்மேரில் 40 தான் கழியும், அதனால் அங்கே இந்த ஓட்டை தெரியவில்லை. அதற்கும் மேல், ஹெல்லில் சில ஆவிகளுக்கு உடல் அடி ஏறவே ஏறாது. ஜீலில் ஐந்து வெட்டு விழுந்தாலும் ஐந்தும் காற்றில் போகிறது.

இந்த இடத்தில் நான் செய்தது இரண்டாவது தப்பு. வாள் போதவில்லை என்று நினைத்தேன். வைத்திருந்த தங்கம் கிட்டத்தட்ட 12 லட்சத்தையும் ஒரு வாரத்தில் சூதாட்டக் கடையில் வாள் வாங்கியே கரைத்தேன். ஒன்றுகூடப் பழைய வாளை மிஞ்சவில்லை. மிச்சமிருந்த புள்ளிகளையும் ஸ்ட்ரெங்க்த்தில் போட்டேன். டேமேஜ் கொஞ்சம் ஏறியது, சாவு குறையவில்லை.

சித்தப்பா பையனிடம் போனில் புலம்பினேன். அவன் இந்த ஆட்டத்தை 2001-இலிருந்து ஆடுகிறவன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்.

"அண்ணா, உங்க பெட்டியில என்னென்ன ரூன் இருக்கு? வாளை விடுங்க. அதை முதல்ல எண்ணிச் சொல்லுங்க."

ரூன் என்பது ஆயுதம், கவசத்தின் சாக்கெட்டில் (ஓட்டையில்) வைக்கும் மந்திரக் கல். சரியான வரிசையில் வைத்தால் ஸ்பிரிட், ஸ்மோக் மாதிரி ரூன்வேர்ட் என்ற பலமான பொருளாகும். எண்ணினேன். டால் 5, ரால் 4, ஆர்ட் 3, தூல் 2, ஆம்ன் 1. நைட்மேரின் ஹெல்ஃபோர்ஜில் கிடைத்த லம் ஒன்று. நெஃப் மாதிரி சின்ன ரூன்கள் நிறைய.

"அப்ப இன்னும் ஒரு ஆம்ன் கிடைச்சா ஸ்பிரிட் ரெண்டு செய்யலாம், ஸ்மோக் ஒண்ணு செய்யலாம். இதை வெச்சு ஓடற பில்டு எதுன்னு பாருங்கண்ணா. பில்டை முடிவு பண்ணிட்டுப் பொருளைத் தேடினா நீங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் தேடணும்."

இந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் திருப்பியது. ஜீலுக்கு வாளின் டேமேஜ்தான் உயிர். நல்ல வாளுக்கு வேண்டிய பெரிய ரூன்கள் தனி ஆளாக ஆடும் எனக்கு எப்போது விழும் என்று சொல்லவே முடியாது. பிளெஸ்டு ஹேமர் என்ற சுத்தியல் மந்திரத்துக்கு வாளின் டேமேஜே தேவையில்லை. அது ஸ்கில் லெவலிலிருந்து வரும் மேஜிக் டேமேஜ், அதைத் தாங்கும் எதிரிகள் ஹெல்லிலும் மிகக் குறைவு. அதற்கு வேண்டியது ஸ்கில் லெவல், வேகம், மானா மூன்றும்தான். ஸ்பிரிட் ரூன்வேர்ட் மூன்றையும் தருகிறது: எல்லா ஸ்கில்லுக்கும் +2, காஸ்ட் ரேட் (மந்திரம் போடும் வேகம்) 25 முதல் 35 வரை, மானா 89 முதல் 112 வரை, கூடவே வைட்டாலிட்டி 22. விலை நான்கு சின்ன ரூன்கள். பழைய ஆட்டத்தில் இதை இணைய லேடரில் (தரவரிசை ஆட்டத்தில்) மட்டும்தான் செய்ய முடியும். ரிசரக்டெடில் ஆஃப்லைனிலும் செய்யலாம்.

சரி, ஹேமர் என்று முடிவானது. ஆனால் ரீசெட் கையில் இல்லை. மூன்றாவது ரீசெட் வேண்டுமென்றால் ஹெல்லின் டென் ஆஃப் ஈவிலைச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் இந்த உடைந்த ஜீலை வைத்தே.

அதற்கு முன் ரூன் வேலை. வாளுக்கு நான்கு சாக்கெட் உள்ள கிரிஸ்டல் சோர்டு வேண்டும். நார்மலின் பசு மாட்டு லெவலில் நான்காவது சுற்றில் கிடைத்தது. விர்ட்டின் காலையும் டவுன் போர்ட்டல் புத்தகத்தையும் க்யூபில் (பொருள்களைக் கலந்து மாற்றும் பெட்டியில்) போட்டால் அந்த லெவலுக்கு வாசல் திறக்கும். சாம்பல் நிறப் பெயரோடு வாள், வெறும் நான்கு ஓட்டை. மேஜிக் வாளாக இருந்தால் ரூன்வேர்ட் ஆகாது, அதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஸ்பிரிட்டின் வரிசை டால், தூல், ஆர்ட், ஆம்ன். இது எனக்குத் தெரியும். அன்று இரவு தூக்கக் கலக்கம். பெட்டியில் ரூன்கள் வரிசை எண்படி அடுக்கியிருந்தன. அந்த வரிசையில் தூலுக்கு முன்பே ஆர்ட் வந்துவிடும். கையும் அப்படியே போனது. டாலை எடுத்து வாளின்மேல் வைத்தேன், டிக். ஆர்ட், டிக். தூல், டிக். நான்காவதாக ஆம்னைத் தூக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனாலும் வைத்துவிட்டேன். பெயர் தங்க நிறமாக மாறவில்லை. "ஜெம்டு கிரிஸ்டல் சோர்டு" என்று அதே சாம்பல் நிறத்தில் நின்றது. என்னிடமிருந்த ஒரே ஆம்ன் போனது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீட்க வழி உண்டு: ஹெல் என்ற பெயருள்ள ரூன் ஒன்று (கடினநிலை இல்லை, ரூன்), டவுன் போர்ட்டல் சுருள் ஒன்று, அந்த வாள், மூன்றையும் க்யூபில் போட்டால் சாக்கெட் காலியாகும். உள்ளே இருக்கும் ரூன்கள் அழிந்துவிடும், வாள் மட்டும் மிஞ்சும். என்னிடம் ஹெல் ரூன் இல்லை. ஆகவே இன்னொரு வாள், இன்னொரு செட் ரூன்.

அடுத்த ஒன்பது நாளும் நைட்மேரில், ரூன் தரும் அரக்கியான கவுன்டஸ்தான். பிளாக் மார்ஷிலிருந்து ஃபர்காட்டன் டவர், ஐந்தாவது அடித்தளம் வரை. ஒரு சுற்று ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 43 சுற்று, கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரம். நேரடியாக விழுந்த ஆம்ன் ஒன்று. இன்னொன்று க்யூபில் செய்தது: மூன்று தூலும் ஒரு சிப்டு டோபாஸும் சேர்ந்தால் ஒரு ஆம்ன். மெர்சினரிக்கு (கூலிக்கு வைக்கும் துணை வீரனுக்கு) வேண்டிய சோலும் இதே ஓட்டத்தில் வந்தது. இரண்டாவது கிரிஸ்டல் வாளுக்குப் பசுக்களிடம் இன்னும் ஐந்து சுற்று.

இப்போதெல்லாம் ரூன் வைப்பதற்கு முன் நான்கையும் பையில் ஒரே வரிசையில், வைக்க வேண்டிய அதே ஒழுங்கில் அடுக்கிவிடுகிறேன். பிறகு இடமிருந்து வலமாக எடுப்பது மட்டும்தான் வேலை.

கேடயத்தில் பாலடினுக்கு ஒரு பெரிய வசதி. மற்றவர்கள் ஸ்பிரிட் கேடயத்துக்கு மோனார்க் தேட வேண்டும். அதற்கு ஸ்ட்ரெங்க்த் 156 வேண்டும். பாலடினுக்கு மட்டுமே உரிய கேடயங்களில் நான்கு சாக்கெட் குறைந்த ஸ்ட்ரெங்க்த்திலேயே கிடைக்கும், அவற்றில் எல்லா ரெசிஸ்டன்ஸும் பிறவியிலேயே 45 வரை இருக்கலாம். எனக்குக் கிடைத்தது அகாரன் ராண்டாஷ்: ஸ்ட்ரெங்க்த் 59, நான்கு சாக்கெட், எல்லா ரெசிஸ்டன்ஸும் +32. வாள் 31 காஸ்ட் ரேட்டோடும் கேடயம் 28-ஓடும் அமைந்தன.

அப்புறம் டென் ஆஃப் ஈவில். இதற்காக மூன்று சாக்கெட் கேடயம் ஒன்றில் ரால், ஆர்ட், டால் வைத்து ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் செய்தேன். கோல்டு 43, மற்ற மூன்றும் 48 ஏறும். இந்த மூன்று ரூனையும் ஐந்தாம் ஆக்டில் வீரர்களை மீட்டால் குவால்-கெக் சும்மாவே தருகிறார், அதனால் இது எல்லோர் கையிலும் இருக்கக்கூடிய கேடயம். குகையில் 50 நிமிடம், ஏழு சாவு. குகையின் தலைவன் கார்ப்ஸ்ஃபயரை வாசல் பக்கம் இழுத்து வந்து, இரண்டு வெட்டு, ஓட்டம், மருந்து, மறுபடி இரண்டு வெட்டு என்றுதான் முடித்தேன். கடைசி எதிரி விழுந்து குகைக்குள் வெளிச்சம் பரவியபோது வந்த நிம்மதியை இன்றைக்கும் உணர முடிகிறது.

அகாராவிடம் ரீசெட் வாங்கும் முன் பழைய கணக்கை நோட்டில் எழுதினேன். லெவல் 74, லாம் எஸன் புத்தகத்துக்கான பரிசு இரண்டு முறை, மொத்தம் 375 புள்ளி. அதில் ஸ்ட்ரெங்க்த்துக்கு 85, டெக்ஸ்டெரிட்டிக்கு 90, எனர்ஜிக்கு 60, வைட்டாலிட்டிக்கு 140. உயிர் 661. எனர்ஜியில் போட்ட 60-ஐப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. பாலடினுக்கு எனர்ஜி ஒரு புள்ளிக்கு மானா ஒன்றரை. 60 புள்ளிக்கு 90. வைட்டாலிட்டி ஒரு புள்ளிக்கு உயிர் மூன்று. அதே 60 அங்கே 180 உயிராகியிருக்கும். இரண்டு ஸ்பிரிட் சேர்ந்து 200-க்குப் பக்கத்தில் மானா தரும்போது எனர்ஜியில் ஒரு புள்ளிகூடத் தேவையில்லை.

புதிய கணக்கு: ஸ்ட்ரெங்க்த்தில் 34, அதாவது கேடயத்துக்கு வேண்டிய 59 வரை மட்டும். டெக்ஸ்டெரிட்டியில் எதுவுமில்லை. மிச்சம் 341-உம் வைட்டாலிட்டி. ஸ்பிரிட் இரண்டும் தரும் 44-ஐயும் சேர்த்தால் உயிர் 1396. ஒரே ஆள், ஒரே லெவல், உயிர் இரண்டு மடங்குக்கும் மேல். டெக்ஸ்டெரிட்டி வைக்காததால் கேடயத்தின் பிளாக் வாய்ப்பு குறைகிறது, அது தெரிந்தே விட்டது.

ஸ்கில் பக்கம் சுலபம். ஹேமர் 20, கான்சன்ட்ரேஷன் 20, விகர் 20. வழியில் இருக்கும் இடைப்படிகளுக்கும் ஹோலி ஷீல்டுக்கும் ஒவ்வொன்று. மீதி எல்லாம் பிளெஸ்டு எய்ம். விகரும் பிளெஸ்டு எய்மும் புள்ளிக்குப் புள்ளி ஹேமரின் டேமேஜை ஏற்றுகின்றன. கான்சன்ட்ரேஷன் ஆராவாக (உடம்பைச் சுற்றி இயங்கும் சக்தியாக) எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

காஸ்ட் ரேட்தான் நான் அதிக நேரம் செலவிட்ட இடம். இந்த ஆட்டத்தின் கணக்கு வினாடிக்கு 25 ஃபிரேமில் ஓடுகிறது. பாலடின் ஒரு மந்திரம் போட வெறுங்கையில் 15 ஃபிரேம். காஸ்ட் ரேட் ஏற ஏற வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாது, படிப்படியாகத்தான் கூடும். படிகள் 9, 18, 30, 48, 75, 125. ஒவ்வொரு படியிலும் ஒரு ஃபிரேம் குறையும். 48-இல் 11 ஃபிரேம், 75-இல் 10, 125-இல் 9.

படித்ததை நம்பாமல் அளந்து பார்த்தேன். முகாமுக்கு வெளியே ஆளில்லாத புல்வெளியில் நின்று, போனில் வீடியோ எடுத்து, பத்து வினாடியில் எத்தனை சுத்தியல் கிளம்புகிறது என்று எண்ணினேன். காஸ்ட் ரேட் தரும் எதுவும் இல்லாமல் 16. இரண்டு ஸ்பிரிட்டோடு, அதாவது 59-இல், 22. ஆசையாக 10 காஸ்ட் ரேட் உள்ள மோதிரம் ஒன்றைப் போட்டு 69 ஆக்கினேன். மறுபடி 22. மூன்று முறை எண்ணினேன், அதே 22. அந்த மோதிரத்துக்காக நல்ல லைட்னிங் ரெசிஸ்டன்ஸ் மோதிரம் ஒன்றைக் கழற்றியிருந்தேன். ஒரு சுத்தியல்கூடக் கூடவில்லை. கழுத்தணி ஒன்றில் இன்னொரு 10 கிடைத்து 79 ஆனபோது எண்ணிக்கை 25. அதுவரை மோதிரத்தைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

ஆரம்பத்தில் ஸ்டெல்த் கவசம் போட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. டால், ஈத் இரண்டே ரூன், காஸ்ட் ரேட் 25. மிக மோசமான ஸ்பிரிட் இரண்டோடு சேர்த்தாலும் 25, 25, 25, கச்சிதமாக 75. ஆனால் நான் கவசத்தில் ஸ்மோக் வைத்தேன், ரெசிஸ்டன்ஸுக்காக. நெஃப்பும் லம்மும் சேர்த்தால் எல்லா ரெசிஸ்டன்ஸும் +50. இந்தத் தேர்வு சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏனென்றால் ரெசிஸ்டன்ஸ் கணக்கு இப்படி: ஹெல்லின் −100, ஆன்யாவின் சுருள் நார்மலிலும் நைட்மேரிலும் தந்த +20, ஸ்மோக் +50, கேடயத்தின் பிறவி +32. கூட்டினால் வெறும் 2. ஸ்பிரிட் கேடயம் கோல்டு, லைட்னிங், பாய்சன் மூன்றுக்கும் 35 தருகிறது, அவை 37 ஆகின்றன. ஃபயருக்கு ஸ்பிரிட் எதுவும் தராது. அது 2-லேயே நிற்கிறது. இதைக் கவனிக்காமல் போய், நெருப்பு வீசும் ஒரு கூட்டத்திடம் 1396 உயிரையும் மூன்று வினாடியில் இழந்தேன்.

தலைக்கவசத்துக்கு லோர் ரூன்வேர்ட் செய்வதாக இருந்தேன், ஸ்கில் +1 வரும் என்று. அதை விட்டுவிட்டு இரண்டு சாக்கெட்டிலும் ரால் வைத்தேன், ஒன்றுக்கு ஃபயர் 30. பெல்ட்டில் 14. ஃபயர் உச்சவரம்பான 75-ஐத் தொட்டது. லைட்னிங்குக்கு பூட்ஸ் 27, சின்ன சார்ம் ஒன்று 11, அதுவும் 75. கோல்டு 59-இல் நிற்கிறது, பாய்சன் 37-இல். இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிட்டேன். ஹெல்லில் என்னைக் கொன்றவை பெரும்பாலும் மின்னலும் நெருப்பும்தான்.

சுத்தியலைப் பயன்படுத்தப் பழகியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது கிளிக் செய்த பக்கம் போகாது. உடம்பை ஒட்டிக் கிளம்பி, சுருள் சுருளாக விரிந்து வெளியே போகும். எதிரி தூரத்தில் நின்றால் சுத்தியல்களுக்கு நடுவிலேயே பத்திரமாக நிற்பான். முதல் இரண்டு நாள் நான் ஜீல் பழக்கத்தில் எதிரியைத் துரத்தினேன், எல்லாம் வீணாகச் சுற்றியது. பழக வேண்டியது இதற்கு நேர் எதிர்: நான் ஓரிடத்தில் நிற்க, அவர்கள் என்னிடம் வர வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அடித்தால் கால் நகராது. கூட்டம் வந்து ஒட்டியதும் அரை அடி தள்ளி நின்றால் போதும், எல்லா சுத்தியலும் அவர்களுக்குள்ளேயே புகுந்து போகும். ஒன்று ஒருவனோடு நிற்காது, துளைத்துக்கொண்டு அடுத்தவனுக்கும் போகும். சுவரில் பட்டால் மட்டும் மறைந்துவிடும். அதனால் குறுகிய சந்துகளில், முக்கியமாக இரண்டாம் ஆக்டின் மேகட் லேரில், இந்த பில்டு பாதி பலம்தான். கதவுக்கு உள்ளே நிற்காமல், திறந்துவிட்டுப் பின்னால் விசாலமான இடத்துக்கு வந்து காத்திருப்பதைக் கற்றுக்கொண்டேன்.

மெர்சினரி ஹோலி ஃப்ரீஸ் ஆரா உள்ள இரண்டாம் ஆக்ட் ஈட்டிக்காரன். அவன் கையில் ரால், டிர், டால், சோல் வைத்த இன்சைட் ரூன்வேர்ட். அதன் மெடிட்டேஷன் ஆராவால் மானா தானாக நிரம்புகிறது, மானா மருந்து வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அவன் செத்தால் அடுத்த நிமிடமே மானா தீரும். அதனால் அவனை உயிர்ப்பிக்க 50,000 தங்கம் எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன்.

மொத்தச் செலவு: ரூன் தேடியதும் பசுக்களிடம் போனதும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள். சூதாட்டத்தில் போன 12 லட்சம் தங்கம் தனிக்கணக்கு, அதில் எதுவும் திரும்பவில்லை. வரிசை மாறிய ஒரு வாளால் மட்டும் கிட்டத்தட்ட பாதி நேரம் கூடியது.

அடுத்த முறை ஒரு ரீசெட்டையாவது ஹெல் வரை தொடாமல் வைத்திருப்பேன். பயன்படுத்தாவிட்டால் அது அப்படியே இருக்கும், காலாவதி ஆகாது. நைட்மேர் முடியும் முன்பே ஹெல்லின் ரெசிஸ்டன்ஸை, இருப்பதில் இன்னும் 60 கழித்து, காகிதத்தில் போட்டுப் பார்ப்பேன். புள்ளிகளைச் செலவழிக்காமல் பத்து இருபது கையிருப்பாக வைத்திருந்து, கேடயம் எது என்று தெரிந்த பிறகே ஸ்ட்ரெங்க்த்தைத் தொடுவேன். காஸ்ட் ரேட்டில் அடுத்த படி 125. இப்போது இருப்பது 79. நடுவில் 46 இருக்கிறது, அதற்கான பொருள்கள் ஒன்றாகச் சேரும் வரை ஒன்றைக்கூட மாற்றப்போவதில்லை.

அந்த ஜெம்டு வாளை விற்கவில்லை. பொதுப் பெட்டியின் கடைசி மூலையில் கிடக்கிறது. ஹெல் ரூன் ஒன்று விழுந்ததும் சுருளோடு க்யூபில் போட்டு நான்கு ஓட்டையையும் காலி செய்து, அடுத்து தொடங்கப்போகும் சோர்சரஸுக்கு அதிலேயே ஸ்பிரிட் வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டிய டாலும் தூலும் ஆர்ட்டும் ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. ஆம்ன் மட்டும் பாக்கி.